தவமணி சாய்ந்த சுவர்

ஜூன் 18, புதன்

காலையில் மைனர் தும்மினான். தும்மலோடு ரத்தம். சமையலறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது. மூக்கில் அட்டை ஏறியிருக்கும் என்று நினைத்தேன். வால்பாறையில் மழை தொடங்கிவிட்டால் அட்டைக்குப் பஞ்சமில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து முகத்தைக் கிட்டே பிடித்துக் காத்திருந்தேன். அட்டை தாகத்துக்கு வெளியே வரும் என்பார்கள். ஒன்றும் வரவில்லை. மைனர் அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

இந்த நாட்குறிப்பு ஜனவரியில் சபையில் கொடுத்தது. பக்கத்துக்கு ஒரு வசனம். இதுவரை வசனம் மட்டும்தான் இருந்தது. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும் என்பாள் தவமணி. "எப்பருந்து இப்படின்னு டாக்டர் கேட்டா நீங்க முழிப்பீங்க" என்பாள். அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. முழிப்பதற்கு நான் மட்டும் மிச்சம்.

மைனர் என்று பெயர் வைத்ததும் அவள்தான். பாதி அல்சேஷன், பாதி யாருக்கும் தெரியாது. குட்டியிலேயே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, வேட்டி மடித்துக் கட்டிய பண்ணையார் மகன் தோரணையில் தெருவில் நடப்பான்.

ஜூன் 20, வெள்ளி

மழை. மறுபடியும் ரத்தம். இடது மூக்கில் மட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கோயம்புத்தூரிலிருந்து ஹெப்சிபா பேசினாள். மகள் அரைமணி நேரம் பேசினால் அதில் கால்மணி நேரம் விசாரணை.

"அம்மா ரூமைக் காலி பண்ணிட்டீங்களாப்பா?"

"பண்ணியாச்சும்மா."

"மெத்தை?"

"எஸ்டேட் லைன் வீட்டுல ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டேன்."

"ஜன்னலைத் திறந்து வச்சிருக்கீங்களா? அந்த ரூம் சும்மாவே ஓதம் அடிக்கும்."

"அடிக்கிற காத்துல வீடே பறக்குது."

"ஆகஸ்ட்ல அம்மா நினைவு நாளுக்கு வரும்போது பாப்பேன். பொய் சொன்னீங்கன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன்."

முப்பது வருடத்துக்கு மேல் எஸ்டேட் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவன் நான். மழையில் இலை சரியாக வாடாத நாட்களிலும் துரையிடம் "எல்லாம் நல்லா இருக்கு" என்று முகம் மாறாமல் சொன்னவன். பெற்ற மகளிடம் சொல்ல முடியாதா?

அறையை ஏன் மூடி வைத்திருக்கிறேன் என்றால், அவளுக்குப் புரியாது. தேயிலைப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் மணம் போய்விடும். தவமணியின் தேங்காய் எண்ணெய், பவுடர், கம்பளிச் சால்வை எல்லாம் கலந்த ஒரு வாசனை அந்த அறையில் இருக்கிறது. அடக்கம் முடிந்த அன்றே ஜன்னலைச் சாத்தி, கதவடியில் இருந்த இடுக்கையும் துணியால் அடைத்தேன். அந்தத் துணியை மைனர் இழுத்துப் போட்டுவிட்டான். இப்போது அந்த இடுக்கில் மூக்கை வைத்து உள்காற்றை இழுக்கிறான்.

நாள் முழுவதும் இல்லை. மதியம் மூன்று மணிவாக்கில் மட்டும். தவமணி தேநீர் குடிக்கும் நேரம் அது. அவள் கூப்பிடுகிறாள், இவன் போகிறான். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் நாய்க்கு மூன்று மணி எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பது முக்கியமில்லை.

ஜூன் 26, வியாழன்

பக்கத்து வீட்டு சேவியரின் ஆம்னியில் மைனரைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனேன். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் அவன் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். வேட்டியெல்லாம் ரத்தமும் சளியும். சேவியர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. நல்ல மனிதன், ஓயாமல் பேசுவான் என்பதைத் தவிர.

டாக்டர் ஷர்மிளா பானு சின்னப் பெண். ஹெப்சியை விட இளையவளாக இருப்பாள். மைனரின் மூக்கை அழுத்திப் பார்த்தாள். இடது துவாரத்தின் விளிம்பில் கறுப்பு நிறம் போய் வெளுத்திருப்பதைக் காட்டினாள். நான் அதைக் கவனித்ததே இல்லை.

"பூஞ்சையா இருக்கும்னு சந்தேகம் சார். அடுத்த வாரம் மயக்க மருந்து குடுத்து மூக்குக்குள்ள கேமரா விட்டுப் பாத்துரலாம். வீட்டுல ஈரமா, காத்தோட்டம் இல்லாம ரூம் ஏதும் இருக்கா? பழைய மெத்தை, துணி, அந்த மாதிரி?"

"வால்பாறையே அப்படித்தான் டாக்டரம்மா. நாங்களே பாதி பூஞ்சைதான்."

சிரித்துவிட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. இருமல். மழைக்காலத்தில் எல்லோருக்கும் இருப்பதுதான்.

அறைச் சுவரைப் பற்றி எழுதலாமா என்று யோசிக்கிறேன். கடைசி நாலைந்து மாதம் தவமணி படுத்தால் மூச்சு முட்டும் என்று கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். தலை சாய்ந்த இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை. எத்தனை எண்ணெய் வைப்பாள்! நான் சொல்லிக் கேலி செய்வேன், "சுவருக்கும் முடி வளரப்போவுது பாரு" என்று.

வளர்ந்திருக்கிறது. அந்தக் கறையின் மேல், கறையின் அளவுக்கே, மெல்லிய சாம்பல் நிற ரோமம். தலை. அதன் கீழே கழுத்துக்கு ஒரு ஒடுக்கம். தேயிலையில் பூஞ்சையை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்தாலே எந்தப் பெட்டியில் ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த அறையில் எனக்கு அந்த வாசனை தெரியவில்லை. அவள் வாசனை மட்டும்தான்.

ஜூலை 3, வியாழன்

மைனரின் மூக்குக்குள் இருப்பதை டாக்டரம்மா திரையில் காட்டினாள். சிவந்த சதையின் மேல் பாலாடை படிந்தது போல வெள்ளை, ஓரத்தில் சாம்பல், நடுவில் கொஞ்சம் பச்சை. அந்த நிறம் எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் பார்த்துத் தலை சுற்றுகிறது என்று சேவியர் நினைத்துச் சோடா வாங்கி வந்தான்.

மூக்கைச் சுத்தம் செய்து, உள்ளே மருந்தை நிரப்பி, ஒரு மணி நேரம் வைத்திருந்தார்கள். மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். கூடுதலாகக் கொஞ்சம் ரத்தம் எடுத்தாள்.

"இது எங்க ஆராய்ச்சிக்கு சார். பூஞ்சை நோய் வந்த நாய்ங்க ரத்தத்துல வைட்டமின் டி எவ்வளவு இருக்குன்னு பாக்குறோம்."

"எங்க ஊர்ல வெயிலே இல்லியே. அதான் காரணமா இருக்குமோ?"

"நமக்குத்தான் சார் வெயில். நாய்க்குத் தோல்ல அது பெருசா உண்டாகாது. சாப்பாட்டுலருந்துதான் கிடைக்கணும்."

தவமணி இருந்தவரை அவனுக்கு முட்டையும் ஈரலும் கிடைத்தது. இப்போது நான் சாப்பிடும் ரசம் சோறுதான் அவனுக்கும்.

ஜூலை 10, வியாழன்

டாக்டரம்மா போன் செய்தாள். மைனருக்கு வைட்டமின் டி மிகவும் குறைவாம். இதுவரை பார்த்த நாய்களிலேயே இவனுக்குத்தான் குறைவாம். இதிலும் முதல் பரிசு.

"என்ன குடுக்கணும் டாக்டரம்மா?"

"நானா சொல்ற வரைக்கும் ஒண்ணும் குடுக்காதீங்க சார். அது கம்மியா இருந்ததால பூஞ்சை வந்துச்சா, பூஞ்சை வந்ததால அது கம்மியாச்சான்னு நாங்களே இன்னும் தேடிட்டுத்தான் இருக்கோம். ஏத்திக் குடுத்தா வேற வம்பு வந்துரும். முட்டை குடுங்க, போதும்."

சரி என்றேன்.

மூன்று மணிக்கு மூக்குக் கண்ணாடி தேடி அவளுடைய மேசைப் பக்கம் போனேன். இழுப்பறை திறந்திருந்தது. மழைக்கு மரம் உப்பி அந்த இழுப்பறை மூடவே மூடாது என்பது வேறு விஷயம். உள்ளே அவளுடைய வைட்டமின் டி தூள் பாக்கெட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு. எலும்பு வலிக்கு எழுதிக் கொடுத்தது. "வாரம் ஒன்று, பாலில்" என்று மருந்துக் கடைக்காரன் அட்டையில் கிறுக்கியிருந்தான். குடித்தேன் குடித்தேன் என்று சொல்லி என்னை ஏமாற்றியிருக்கிறாள், கள்ளி.

நான் தேடியது கண்ணாடியை. கிடைத்தது இது. காலையில் குறைவு என்று சொல்கிறார்கள், மதியம் கையில் வந்து விழுகிறது. வெளியே கதவடியில் மைனர் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா அவனை இரண்டு தடவை பார்த்தவள். தவமணி பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து அவனை வளர்த்தவள். யார் சொல்வதைக் கேட்பது?

ஜூலை 11, வெள்ளி

பாலில் கலந்து கொடுத்தேன். நக்கித் துடைத்துவிட்டான். ஆரஞ்சு மணம் சமையலறையில் வெகுநேரம் நின்றது.

ஜூலை 15, செவ்வாய்

ரத்தம் நின்றுவிட்டது! சளியும் இல்லை. மைனர் வாசல் வரை போய்ச் சேவியர் வீட்டுக் கோழியைப் பார்த்துக் குரைத்தான். டாக்டரம்மா மூக்கில் ஊற்றிய மருந்து என்பான் சேவியர். அவனுக்கு என்ன தெரியும்? அவனிடம் நான் பாக்கெட் விஷயத்தைச் சொல்லவில்லை.

வாரம் ஒன்று என்பது ஏற்கெனவே எலும்பு தேய்ந்த மனுஷிக்கு. குறைவிலும் குறைவு என்றால் இரண்டாவது வேண்டாமா? இன்று இன்னொன்று கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

கொடுத்தேன். சுவரில் கழுத்துக்குக் கீழே இடது தோள் வந்திருக்கிறது. சால்வை போர்த்தியது போல. அவளும் இடது பக்கம் சரிந்துதான் உட்காருவாள். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டால் ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். "மைனர் தேறிட்டான் தவமணி" என்று சொன்னேன். சொன்னதற்குப் பிறகு பயமாக இருந்தது. அதற்கும் பிறகு பயம் போய், யாரிடமாவது நல்ல செய்தி சொன்ன நிம்மதி வந்தது.

இருமல் விடவில்லை.

ஜூலை 24, வியாழன்

மைனர் தண்ணீராகக் குடிக்கிறான். வாளித் தண்ணீரிலும் வாயை வைக்கிறான். வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து ஒடுங்கி நின்றான். இவன் ஒருநாளும் அப்படிச் செய்தவன் இல்லை. திட்டவில்லை. துடைத்தேன்.

ஜூலை 28, திங்கள்

வாந்தி. முட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். பால் மட்டும் கொஞ்சம் குடித்தான். அதில் கலந்திருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்று மணிக்குக் கதவடியில் சத்தமே இல்லை. வெளியே வந்து பார்த்தால் மைனர் சமையலறைத் தரையில் கிடக்கிறான். விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாலை ஒரு தடவை தரையில் தட்டினான், அவ்வளவுதான்.

அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாளா? இல்லை, கூப்பிட்டது இதற்குத்தானா? இதை எழுதியிருக்கக் கூடாது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பொள்ளாச்சி. சேவியர் போன் போட்டுச் சொல்லி, ஹெப்சி கோயம்புத்தூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் "என்னப்பா இப்படி இளைச்சுட்டீங்க" என்றாள். நாயைப் பாரும்மா என்றேன்.

ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். சிறுநீரகம் தடுமாறுகிறதாம். டாக்டரம்மா முகத்தில் சிரிப்பில்லை.

"பூஞ்சை மூக்கைத் தாண்டி உடம்புக்குள்ள பரவிடுச்சோன்னு பயமா இருக்கு. அப்படிப் பரவினாலும் கால்சியம் ஏறும். இல்லன்னா வைட்டமின் டி அதிகமா உள்ள போயிருக்கணும். சார், நீங்க அவனுக்குத் தனியா எதுவும் குடுக்கலையே? டானிக், மனுஷங்க சாப்பிடுற மருந்து?"

ஹெப்சி என் பக்கத்தில் நின்றாள். குடுத்தேன் என்றால் எது என்று கேட்பாள். அம்மாவின் பாக்கெட் என்றால் எங்கே இருந்தது என்பாள். மேசை என்றால், அறையையே காலி செய்துவிட்டதாகவல்லவா சொல்லியிருக்கிறேன்.

"ஒண்ணும் குடுக்கலம்மா" என்றேன். டாக்டரம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. மைனரைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்படின்னா பரவினதுதான். நாளைக்குக் காலையில கடுமையான ஊசி மருந்து ஒண்ணு ஆரம்பிக்கணும். பூஞ்சையைக் கொல்லும். ஆனா சிறுநீரகத்தையும் பதம் பாக்கும். இவன் இருக்கிற நிலைமைல தாங்குவானான்னு சொல்ல முடியாது. வேற வழி தெரியல."

ஹெப்சி கையெழுத்துப் போட்டாள். மைனரை அங்கேயே விட்டுவிட்டு, அவள் கோயம்புத்தூருக்கும் நானும் சேவியரும் வால்பாறைக்கும் கிளம்பினோம். கூண்டுக்குள்ளிருந்து அவன் எழ முயன்றான். நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

வீடு வந்து சேர சாயந்திரம் ஆகிவிட்டது. நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். "சொல்லட்டுமா?" என்று கேட்டேன். பதினோரு மாதத்துக்கு மேலாக எத்தனையோ கேட்டிருக்கிறேன், ஏதோ ஒரு பதில் வந்ததாகத்தான் இருக்கும். இன்று சுவர் சுவராகவே இருந்தது. கதவுக்கு வெளியிலும் சத்தமில்லை. இந்த வீட்டில் மூச்சு விடுகிற ஆள் நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மைனர் செத்துவிடுவான். அவள் வளர்த்த பிள்ளையை நான் கொன்றுவிடுவேன்.

போனில் சிக்னல் இல்லை. சேவியர் வீட்டுப் போனிலும் இல்லை. மழையில் செல்போன் கோபுரம் படுத்துவிட்டதாம். காலையில் முதல் பஸ்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் பஸ்ஸில் ஏறினேன். அட்டகட்டிக்குக் கிட்டே சாலையில் மரம் விழுந்து கிடந்தது. வெட்டி நகர்த்தும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இறங்கி, கிளைகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய், தேயிலை ஏற்ற வந்து வழியில்லாமல் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். "யாருக்கு உடம்பு சரியில்லைங்க?" என்றார் டிரைவர். "பையனுக்கு" என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது மைனரின் முன்னங்காலில் ஊசி குத்தி, சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மருந்தைப் பாட்டிலில் கலந்து மாட்டக் கொண்டுவந்துகொண்டிருந்தாள் டாக்டரம்மா.

"மாட்டாதீங்க. நான் குடுத்தேன்."

"என்ன சார்?"

"வைட்டமின் டி. என் வீட்டுக்காரி பாக்கெட்டு. வாரம் ரெண்டு. மூணு வாரமா."

காலி உறைகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவற்றை ஏன் எறியாமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் ஒன்றை எடுத்துப் படித்தாள். கலந்த பாட்டிலைத் தூரமாக வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்தே ஏன் சார் சொல்லல?"

"பொண்ணு பக்கத்துல இருந்தா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அறை, மெத்தை, சேலைகள், சுவர். சுவரில் தெரிகிற தலையைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சலைனை வேகமாக ஓடவிட்டாள், வேறொரு ஊசி போட்டாள். கால்சியம் இறங்க வாரக்கணக்கில் ஆகலாம், உடம்பின் கொழுப்பில் தங்கிவிட்ட மருந்து லேசில் போகாது, ஆனால் வழி இருக்கிறது என்றாள்.

"அந்த ரூமுக்குள்ள மைனர் போவானா?"

"முன்னெல்லாம் போவான். மெத்தையில ரத்தம் பட்டதிலருந்து வெளிய விட்டுக் கதவைச் சாத்திருவேன். இடுக்குல மூக்கை வச்சிட்டு நிப்பான்."

"மூடின கதவுகிட்ட எதுக்கு சார் நிக்கணும்?"

எனக்குத் தெரிந்த பதிலை அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. தெரியலம்மா என்றேன்.

"சரி. உங்களுக்கு இந்த இருமல் எவ்வளவு நாளா இருக்கு?"

ஆகஸ்ட் 6, புதன்

ஹெப்சியிடம் போனில் சொல்லிவிட்டேன். முதலில் கத்தினாள். பிறகு அழுதாள். "அம்மா செத்த ரூம்ல உக்காந்து நீங்களும் செத்துப்போகலாம்னு இருந்தீங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்று சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஹெப்சி வந்தாள். இரண்டு பேரும் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தோம். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அய்யோப்பா" என்றாள். கட்டிலில் தவமணியின் மெத்தை, பக்கத்தில் என் நாற்காலி, அதன் மேல் என் போர்வை, கீழே என் தேநீர்க் குவளை. பார்க்கிறவளுக்கு விளக்கம் தேவையில்லை.

ஜன்னல் திறக்கவில்லை. சேவியர் வந்து கடப்பாரையால் நெம்பினான். காற்று உள்ளே வந்த வேகத்தில் திரைச்சீலை கிழிந்தது. அந்தக் காற்று அறையைக் கலக்கியபோதுதான், மாஸ்க்கையும் மீறி, என் மூக்குக்குத் தெரிந்தது. ஈரச் சாக்கில் கெட்டுப்போன தேயிலை. கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன், மொத்தப் பெட்டியும் குப்பைக்கு என்று. எண்ணெய் இல்லை, பவுடர் இல்லை, சால்வை இல்லை. அவள் வாசனை எப்போதோ போய்விட்டிருக்கிறது. இத்தனை நாள் நான் மூடி மூடிக் காத்தது பூஞ்சையைத்தான்.

மெத்தையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினோம். மழையில் எரியாமல் புகைந்தது. சேலைகளில் தேறியது நாலைந்து. அவற்றை ஹெப்சி வெந்நீரில் போட்டாள்.

சுவரைத் தேய்க்க அவள் பிரஷ்ஷை எடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். முதலில் தோள் போனது. பிறகு கழுத்து. தலையில் கை வைக்க வெகுநேரம் ஆயிற்று. "அப்பா, நான் பண்றேன்" என்றாள் ஹெப்சி. வேண்டாம் என்றேன். அழுதுகொண்டேதான் தேய்த்தேன், அவள் பார்க்கிறாள் என்று கூச்சப்படவில்லை. ரோமம் போனபின் அடியில் எண்ணெய்க் கறை இருந்தது. ஒரு கை சுண்ணாம்புக்கு மேலும் அது தெரிந்தது. இரண்டாவது கைக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

மைனர் வீட்டுக்கு வந்துவிட்டான். சிறுநீரகம் பழையபடி ஆகாது, உள்ளவரை பத்தியச் சாப்பாடுதான். இடது மூக்கு விளிம்பு வெள்ளையாகவே நின்றுவிட்டது. மூச்சு இழுத்தால் அந்தப் பக்கம் லேசாக விசில் கேட்கிறது. ஆனால் ஆம்னியிலிருந்து இறங்கி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, நாலு எட்டு நடந்தான். மைனர் மைனர்தான்.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சியில் இவனுடைய முதல் ரத்தக் கணக்கு மட்டும் இருக்குமாம். நான் கெடுத்த பிறகு எடுத்தது எதையும் சேர்க்க மாட்டார்களாம். நியாயம்தான்.

எனக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். மூன்று மாத மாத்திரை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தவமணி போய் ஒரு வருடம். கல்லறையில் பூ வைத்தோம். மழை இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஹெப்சி நேற்றுக் கிளம்பிப் போனாள். மாதம் ஒருமுறை நான் போக வேண்டும் என்று ஒப்பந்தம்.

இன்று மதியம் தூறல் போட்டது. அறை ஜன்னலைச் சாத்தலாம் என்று உள்ளே போனேன். காற்றில் எனக்குப் பின்னால் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. வெறும் அறை. நாலு சுவரும் வெள்ளை. கட்டிலையும் மேசையையும் கூடக் கொடுத்துவிட்டோம். இங்கே அவளுடையது ஒரு நூல் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எங்கே சாய்ந்திருந்தாள் என்று தேடினேன், எனக்கே இடம் பிடிபடவில்லை.

கதவடியில் சத்தம் கேட்டது. மூச்சை இழுக்கும் சத்தம், கூடவே மெல்லிய விசில். மைனர் இடுக்கில் மூக்கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

நான் ஜன்னலடியிலேயே நின்றேன். எதை முகர்கிறான்? சுண்ணாம்பையா? அவள் வாசனை இல்லாத, அவள் இல்லாத இந்த அறையில் யார் இவனைக் கூப்பிட்டார்கள்? மூடின கதவுகிட்ட எதுக்கு சார் நிக்கணும் என்று டாக்டரம்மா கேட்டாளே. ஒரு வருடமாக மூன்று மணிக்கு இந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது நான்தான். என்னைத் தேடித்தான் அவ்வளவு நாளும் நின்றிருக்கிறான். என்னைத் தேடித்தான் அந்தக் காற்றையெல்லாம் இழுத்திருக்கிறான்.

கதவைத் திறந்தேன். அவன் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் முழங்காலை ஒரு தடவை முகர்ந்தான், திரும்பி வாசல் பக்கம் நடந்தான். பாதி வழியில் நின்று, வருகிறேனா என்று பார்த்தான்.

"வர்றேன்டா" என்றேன்.